நிலவில் கால் வைத்தது ஜூலை 20-இலா, 21-இலா? 'வரலாற்றில் இன்று' தேதிகள் ஏன் முரண்படுகின்றன

ஒவ்வொரு ஜூலையிலும் இந்தக் குழப்பம் தலைகாட்டும். மனிதன் நிலவில் கால் பதித்த நாள் ஜூலை 20 என்று ஒருவர் பகிர்வார். அடுத்தவர் வந்து, "தவறு, ஜூலை 21" என்பார். இருவர் கையிலும் ஆதாரம் இருக்கும். ஸ்புட்னிக், சந்திரயான்-2, ரஷ்யப் புரட்சி, நியூட்டனின் பிறந்தநாள் என்று தினம் ஒரு நினைவு நாளைச் சொல்லும் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தால், இப்படி ஒத்துப்போகாத தேதிகள் நிறையக் கிடைக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை பிழைகளே அல்ல. ஒரு நிகழ்ச்சிக்குத் தேதி போடும்போது சில முடிவுகளை எடுத்தாக வேண்டும்: எந்த ஊர்க் கடிகாரம், எந்த நாட்காட்டி, நிகழ்ச்சியின் எந்தக் கணம். இந்த முடிவுகள் வேறுபட்டால் தேதியும் வேறுபடும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் அப்போலோ 11

வானியலாளர்களும் விண்வெளித் துறையினரும் பொதுவாக யூ.டி.சி. எனப்படும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் கணக்கு வைப்பார்கள். நடைமுறையில் இதைக் கிரீன்விச் நேரம் என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்திய நேரம் இதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. அமெரிக்கக் கிழக்குக் கரை கோடைக்காலத்தில் இதைவிட நான்கு மணி நேரம் பிந்தியது.

1969-இல் நடந்ததை இந்த மூன்று கடிகாரங்களிலும் வைத்துப் பார்ப்போம்.

1. ஈகிள் இறங்குகலம் நிலவின் தரையைத் தொட்டது உலக நேரப்படி ஜூலை 20, இரவு 8.17. நியூயார்க்கில் அது ஜூலை 20 மாலை 4.17. இந்தியாவில் ஜூலை 21 அதிகாலை 1.47.

2. நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கிக் கால் வைத்தது உலக நேரப்படி ஜூலை 21, அதிகாலை 2.56. நியூயார்க்கில் ஜூலை 20 இரவு 10.56. இந்தியாவில் ஜூலை 21 காலை 8.26.

அமெரிக்கர்களுக்கு இரண்டுமே 20. நமக்கு இரண்டுமே 21. உலக நேரத்தில் கலம் இறங்கியது 20, கால் பட்டது 21. அமெரிக்கர்கள் செய்த சாதனை, அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்த நாள் என்பதால் ஜூலை 20 உலகெங்கும் நிலைத்துவிட்டது. அதே சமயம், அன்று காலை இந்தியாவில் வானொலியில் செய்தி கேட்டவர்கள் ஜூலை 21 என்று நினைவில் வைத்திருந்தால் அதுவும் சரிதான்.

நாள் எப்போது தொடங்குகிறது?

நள்ளிரவு 12 மணிக்கு நாள் மாறுவது நமக்குப் பழகிவிட்டது. இயற்கையில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை நீள்கிறது. செவ்வாய் விடியலுக்கு முன் இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தை, அந்தக் கணக்கில் திங்கட்கிழமைக் குழந்தை.

வானியலாளர்களிடம் இதற்கு நேர்மாறான வழக்கம் இருந்தது. அவர்களுடைய நாள் நண்பகலில் தொடங்கியது. இரவு முழுக்கத் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவருக்கு நடுவில் தேதி மாறினால் குறிப்பேட்டில் குழப்பம் வரும். நண்பகலில் மாறினால் ஓர் இரவின் குறிப்புகள் எல்லாம் ஒரே தேதியில் அடங்கும். 1925 ஜனவரி 1 அன்றுதான் இந்த வழக்கம் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய வானியல் குறிப்புகளைப் படிப்பவர்கள் இதை மறந்தால் தேதி ஒரு நாள் தவறிவிடும். பெர்லினில் யோஹான் காலே நெப்டியூனைக் கண்டுபிடித்த இரவு 1846 செப்டம்பர் 23-க்கும் 24-க்கும் இடைப்பட்டது. இரண்டு தேதிகளும் புழங்குவதற்கு இரவில் நடந்த வேலை என்பதே காரணம்.

முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கும் இப்படித்தான். 1957 அக்டோபர் 4 அன்று மாஸ்கோ நேரப்படி இரவு 10.28-க்கு அது கிளம்பியபோது, ஏவுதளம் இருந்த கஜகஸ்தானில் நள்ளிரவு தாண்டி 5-ஆம் தேதி பிறந்திருந்தது. இந்தியாவிலும் 5-தான், அதிகாலை 12.58. ராக்கெட் கிளம்பிய இடத்தின் உள்ளூர் நாட்காட்டியே சொல்லாத தேதி உலகத்தின் நினைவு நாளாக இருக்கிறது. சோவியத் ஒன்றியம் மாஸ்கோ நேரத்தில் அறிவித்தது, உலக நேரப்படியும் அது 4-ஆம் தேதியே. அதனால் சிக்கல் எழவில்லை. இன்று அக்டோபர் 4-இல் தொடங்கி உலக விண்வெளி வாரம் கொண்டாடப்படுகிறது. விண்வெளி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1967 அக்டோபர் 10-ஐ நினைவில் வைத்து 10-ஆம் தேதி அந்த வாரம் முடிகிறது.

முதல் விண்வெளி வீரர் யூரி ககாரின் பறந்த 1961 ஏப்ரல் 12-க்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மாஸ்கோவில் காலை 9.07, இந்தியாவில் காலை 11.37, நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டிய 12-ஆம் தேதி. அமெரிக்க மேற்குக் கரையில் மட்டும் இன்னும் 11.

தேதி பிந்தியது, நிகழ்ச்சி முந்தியது

உலக வரலாற்றில் இதன் விளைவு சில இடங்களில் கனமானது. பேர்ல் துறைமுகத் தாக்குதல் 1941 டிசம்பர் 7. ஜப்பானியப் படைகள் மலாயாவில் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. தேதிகளை மட்டும் பார்த்தால் முதலில் ஹவாய், மறுநாள் மலாயா என்று தோன்றும். உண்மையில் மலாயாவில் தரையிறக்கம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகுதான் பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுந்தது. பன்னாட்டுத் தேதிக் கோடு பசிபிக் நடுவில் ஓடுவதால் கிழக்கே டிசம்பர் 7 காலையாக இருந்தபோது மேற்கே டிசம்பர் 8 பிறந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. பசிபிக் போர் பேர்ல் துறைமுகத்தில் தொடங்கியது என்று எழுதிப் பழகியதில், ஏராளமான தமிழர்கள் வாழ்ந்த மலாயா பின்னுக்குப் போய்விட்டது. இதைத் திருத்தி எழுத வேண்டும் என்றே சொல்வேன்.

ஐரோப்பாவில் போர் முடிந்த நாளும் இரண்டு. 1945 மே 7 அதிகாலை பிரான்சின் ரான்ஸ் நகரில் ஜெர்மனி சரணடையக் கையெழுத்திட்டது. சண்டை நிற்க வேண்டிய நேரம் மே 8 இரவு 11.01 என்று குறிக்கப்பட்டது. மாஸ்கோவில் அப்போது மே 9 பிறந்துவிட்டது. அதனால்தான் மேற்கு ஐரோப்பா 8-ஐயும் ரஷ்யா 9-ஐயும் வெற்றி நாளாகக் கொண்டாடுகின்றன.

நாட்காட்டியே மாறினால்

இதுவரை பார்த்தது ஒரு நாள் வித்தியாசம். நாட்காட்டி மாறிய கதையில் பத்து, பதின்மூன்று நாள் வித்தியாசம் வரும்.

பூமி சூரியனைச் சுற்றிப் பருவங்கள் மீண்டும் அதே நிலைக்கு வர 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 நொடி ஆகிறது. ஜூலியஸ் சீசர் காலத்தில் வந்த ஜூலியன் நாட்காட்டி இதைச் சரியாக 365 நாள் 6 மணி என்று வைத்துக்கொண்டது. ஆண்டுக்குப் பதினொரு நிமிடப் பிழை. நூற்றாண்டுகள் போகப் போக அது பத்து நாளாகச் சேர்ந்துவிட்டது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்துச் சரிசெய்தார். கத்தோலிக்க நாடுகள் பல உடனே ஏற்றுக்கொண்டன. பிரிட்டன் 1752 வரை ஏற்கவில்லை. ரஷ்யா 1918-இல்தான் மாறியது. அங்கே ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14.

இதிலிருந்து வந்த சிக்கல்கள்:

1. அக்டோபர் புரட்சி நடந்தது பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25. இன்றைய கணக்கில் நவம்பர் 7. பெயரில் அக்டோபர், கொண்டாட்டம் நவம்பரில்.

2. "கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்" என்று அடிக்கடி படிக்கிறோம். கலிலியோ இறந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது இங்கிலாந்தின் பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25. புதிய கணக்கில் 1643 ஜனவரி 4. இருவருக்கும் ஒரே நாட்காட்டியைப் பயன்படுத்தினால், அது எதுவானாலும், ஒரே ஆண்டு வராது. இத்தாலியின் தேதியையும் இங்கிலாந்தின் தேதியையும் மாற்றாமல் பக்கத்தில் வைத்ததால் பிறந்த கதை இது.

3. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். ஷேக்ஸ்பியரும் செர்வான்டிசும் 1616-இல் இதே தேதியில் மறைந்ததாகச் சொல்வார்கள். ஸ்பெயின் புதிய நாட்காட்டியில் இருந்தது, இங்கிலாந்து பழையதில். ஷேக்ஸ்பியர் மறைந்த நாள் ஸ்பெயினில் மே 3.

4. சைபீரியாவில் துங்குஸ்கா காட்டின் மேல் வானில் விண்கல் வெடித்தது 1908 ஜூன் 30. அன்று அங்கிருந்த ரஷ்யர்களின் நாட்காட்டியில் ஜூன் 17. இப்போது ஜூன் 30 உலகச் சிறுகோள் நாளாக இருக்கிறது. இங்கே புதிய கணக்குக்கு மாற்றிக் கொண்டாடுகிறோம். ஷேக்ஸ்பியருக்கு மாற்றாமல் கொண்டாடுகிறோம். பொது விதி எதுவும் கிடையாது.

சென்னை நாளுக்கும் இந்தக் கேள்வி உண்டு. 1639 ஆகஸ்ட் 22 என்ற தேதியை வைத்து அதைக் கொண்டாடுகிறோம். ஆங்கிலேயர்கள் அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தார்கள். அந்தத் தேதி அவர்கள் கணக்கில் எழுதப்பட்டது என்றால், இன்றைய கணக்கில் அது செப்டம்பர் 1. ஆகஸ்ட் 22-ஐ மாற்றச் சொல்லவில்லை. ஆவணத்தில் உள்ள தேதியைக் கொண்டாடுகிறோம் என்று தெரிந்து கொண்டாடலாம்.

ஆங்கிலத் தேதியே இல்லாத நினைவு நாட்கள்

நமக்கு வேறொரு கணக்கும் பழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழனின் சதய விழா ஐப்பசி மாதம் சதய நட்சத்திரத்தில் நடக்கிறது. அக்டோபர், நவம்பரில் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வரும். நட்சத்திரம் என்பது சந்திரன் வானில் எந்த விண்மீன் கூட்டத்தின் பக்கம் நிற்கிறது என்பதைக் குறிக்கும் அளவு. வானில் சந்திரனும் சூரியனும் கிட்டத்தட்ட அன்றிருந்த இடத்துக்கு வரும் நாளைத்தான் சதய விழா பிடிக்கிறது. ஆண்டு நிறைவு என்பதன் வானியல் பொருளுக்கு இது நாட்காட்டித் தேதியைவிடக் குறைந்ததல்ல.

இன்னொரு நுணுக்கம். நம் சூரிய மாதங்கள் விண்மீன்களை வைத்து அமைந்தவை. விண்மீன் ஆண்டு, பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள் நகரும். விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, மகர சங்கராந்தி அன்று. இப்போது அவர் பிறந்தநாள் ஜனவரி 12-லேயே நிற்கிறது, சங்கராந்தி 14-க்கும் 15-க்கும் போய்விட்டது. இந்த நகர்வுக்குக் காரணம், பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடுவது. அதை நம் பொங்கல் தேதியிலேயே பார்க்கலாம் என்பது எவ்வளவு அருமையான விஷயம்!

ஒளி வந்து சேரும் நேரம்

பூமியில் நடப்பதற்கு இவ்வளவு போதும். தொலைவில் நடப்பதற்கு இன்னொரு சிக்கல் சேர்கிறது. செய்தி ஒளியின் வேகத்தில்தான் வரும். அதனால் விண்வெளித் துறையினர் இரண்டு நேரங்களைப் பிரித்து எழுதுவார்கள். ஒன்று, விண்கலத்தில் அது நடந்த நேரம். மற்றொன்று, அதற்கான சமிக்ஞை பூமிக்கு வந்து சேர்ந்த நேரம்.

கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியது 2012 ஆகஸ்ட் 6, உலக நேரப்படி காலை 5.17. செய்தி வந்து சேர ஏறத்தாழ 14 நிமிடம் ஆனது. கலிபோர்னியாவில் கட்டுப்பாட்டு அறை ஆர்ப்பரித்தபோது அங்கே ஆகஸ்ட் 5 இரவு பத்தரை மணி. இந்தியாவில் 6-ஆம் தேதி காலை 11 மணி. நாசா ஆகஸ்ட் 5-ஐ ஆண்டு நிறைவாக வைத்துக்கொண்டது. முதலாம் ஆண்டு நிறைவில், 2013-இல், ஊர்தியின் ஆய்வுக் கருவியை அதிரவைத்துப் பிறந்தநாள் பாட்டு இசைக்கச் செய்தார்கள்.

நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோது இந்த இடைவெளி நாலரை மணி நேரம். 2015 ஜூலை 14, இந்திய நேரம் மாலை 5.19-க்கு அது புளூட்டோவை நெருங்கிச் சென்றது. அந்த நேரத்தில் அது பூமியோடு பேசவில்லை. படமெடுப்பதில் மும்முரமாக இருந்தது. பல மணி நேரம் கழித்து அது அனுப்பிய "நலம்" என்ற சமிக்ஞை நமக்குக் கிடைத்தபோது இந்தியாவில் ஜூலை 15 காலை.

எந்தக் கணத்தைக் கொண்டாடுகிறோம்?

கடிகாரமும் நாட்காட்டியும் தீர்ந்தாலும் மிகப் பெரிய கேள்வி மீதி இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பு எப்போது நடந்தது?

புளூட்டோவை எடுத்துக்கொள்வோம். படத்தகடுகள் எடுக்கப்பட்டது 1930 ஜனவரி 23, 29. அந்தத் தகடுகளை ஒப்பிட்டு கிளைட் டோம்பா நகரும் புள்ளியைக் கண்டது பிப்ரவரி 18. உலகுக்கு அறிவித்தது மார்ச் 13. அந்தக் கடைசித் தேதி தானாக அமைந்ததல்ல. டோம்பா வேலை செய்த ஆய்வகத்தை நிறுவிய பெர்சிவல் லோவலின் பிறந்தநாள் அது. 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனசைக் கண்ட நாளும் அதுவே. ஒரு நினைவு நாளின் மேல் இன்னொரு நினைவு நாளைக் கட்டினார்கள்.

ராமன் விளைவிலும் இதே படிகள். ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் எழுதிய கடிதத்தில் உள்ள தேதி 1928 பிப்ரவரி 16. நிறமாலையில் அந்த விளைவு தெளிவாகத் தெரிந்த நாள் பிப்ரவரி 28. நேச்சர் இதழில் கடிதம் வெளியானது மார்ச் 31. தேசிய அறிவியல் நாளாக பிப்ரவரி 28 தேர்ந்தெடுக்கப்பட்டது. கண்ணால் கண்ட நாள் என்பதால் இது நல்ல தேர்வு.

வாயேஜர் 1 விண்கலத்தின் கதை இதைவிட விசித்திரம். அது சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் நுழைந்த நாள் 2012 ஆகஸ்ட் 25. அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பிளாஸ்மா எனப்படும் மின்னேற்றத் துகள்களாலான வாயுவை நேரடியாக அளக்கும் கருவி 1980-லேயே பழுதாகியிருந்தது. சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு வெடிப்பு அலை கலத்தை எட்டி, சுற்றியுள்ள பிளாஸ்மாவை அதிரவைத்த பிறகுதான், அந்த அதிர்வின் அலைவெண்ணிலிருந்து அடர்த்தியைக் கணக்கிட முடிந்தது. பின்னோக்கிக் கணக்கிட்டு 2013 செப்டம்பரில்தான் தேதியை அறிவித்தார்கள்.

தற்செயலும் திட்டமும்

ஒரே தேதியில் இரண்டு சாதனைகள் வந்தால் பின்னால் ஏதோ திட்டம் இருக்கிறது என்று மனம் நினைத்துவிடும். சில சமயம் அது உண்மை. பல சமயம் இல்லை.

வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது 1976 ஜூலை 20, அப்போலோ 11-க்குச் சரியாக ஏழு ஆண்டு கழித்து. அமெரிக்கா அதை ஜூலை 4-இல், தன் 200-ஆவது சுதந்திர நாளில் இறக்கத்தான் விரும்பியது. தேர்ந்தெடுத்த இடம் கரடுமுரடாக இருப்பது படங்களில் தெரிந்ததும் தள்ளிப்போட்டார்கள். அப்புறம் கிடைத்த நல்ல இடத்தில் இறங்கிய தேதி அப்படி அமைந்தது. முதல் விண்வெளி ஓடமான கொலம்பியா 1981 ஏப்ரல் 12-இல், ககாரின் பறந்து சரியாக 20 ஆண்டு கழித்துக் கிளம்பியதும் இப்படியே. 10-ஆம் தேதி கணினிக் கோளாறால் நின்றுபோய் இரண்டு நாள் தள்ளியது.

சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23-ஐத் தீர்மானித்தது சூரியன். இறங்குகலம் சூரிய மின்சாரத்தில் இயங்கியது. நிலவில் ஒரு பகல் பூமியின் 14 நாள் அளவுக்கு நீளும். அந்த முழுப் பகலையும் பயன்படுத்த, இறங்கும் இடத்தில் விடிந்த கையோடு இறங்க வேண்டும். இந்திய நேரம் மாலை 6.04-க்கு இறங்கியதால் இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் 23-தான். நியூசிலாந்து, ஃபிஜி போன்ற சில இடங்களில் மட்டும் 24 பிறந்திருந்தது. தேசிய விண்வெளி நாளுக்கு இவ்வளவு குழப்பமில்லாத தேதி அமைந்தது நல்லதாயிற்று. சந்திரயான்-2-இன் இறங்குகலமான விக்ரம் தொடர்பு இழந்தது இந்தியாவில் 2019 செப்டம்பர் 7 அதிகாலை, உலக நேரத்தில் செப்டம்பர் 6. அதனால்தான் வெளிநாட்டுப் பட்டியல்களில் அது ஒரு நாள் முன்னதாக இருக்கிறது.

தேதியை அப்படியே பிடித்துக்கொள்ளாத நினைவு நாளும் உண்டு. அப்போலோ 1 தீ விபத்து 1967 ஜனவரி 27. சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறியது 1986 ஜனவரி 28. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு கொலம்பியா சிதறியது 2003 பிப்ரவரி 1. மூன்றும் வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே வாரத்துக்குள் வந்துவிட்டன. நாசா மூன்றுக்கும் சேர்த்து ஜனவரி இறுதியில் ஒரு நாளில் அஞ்சலி செலுத்துகிறது. அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பகிர்வதற்கு முன்

தேதி முரண்பட்டால் கீழ்க்கண்டவற்றை இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

1. வித்தியாசம் ஒரு நாளா? அப்படியானால் நேர மண்டலம். உலக நேரத்தைத் தேடி எடுத்து ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள்.

2. பத்து முதல் பதின்மூன்று நாளா? பழைய நாட்காட்டி. 1752-க்கு முந்தைய பிரிட்டன், 1918-க்கு முந்தைய ரஷ்யா என்றால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும்.

3. வாரம், மாதக் கணக்கில் வித்தியாசமா? கண்டது ஒரு நாள், அறிவித்தது ஒரு நாள், அச்சானது ஒரு நாள். எது என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடநூலில் உள்ள தேதியையே எழுதட்டும். வினா அமைப்பவர்கள்தான் "இந்திய நேரப்படி" என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். அந்தச் சொல் இல்லாததால் ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் போவது நியாயமில்லை.

இனி நிலவிலும் கடிகாரம்

இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி வளரப்போகிறது. நிலவில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்கே வைத்த கடிகாரம், பூமிக் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 58.7 மைக்ரோநொடி வேகமாக ஓடும். ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மனிதருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் 58 மைக்ரோநொடியில் ஒளி 17 கிலோமீட்டர் போய்விடும் என்பதால், நிலவில் வழிகாட்டும் கருவிகளுக்கு இது பெரிய பிழை. அதனால் நிலவுக்கென்று ஒரு பொது நேரத்தை 2026 முடிவதற்குள் வகுக்கும்படி அமெரிக்க அரசு 2024 ஏப்ரலில் நாசாவுக்குச் சொன்னது. உலக நேரத்தோடு இணைத்துப் பார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, நிலவில் அடுத்து நடக்கப்போகிறவர்களின் கடிகாரம் எதுவாக இருந்தாலும், அவர்கள் கால் வைக்கும் நாள் ஹூஸ்டனில் ஒரு தேதியாகவும் சென்னையில் மறுதேதியாகவும் இருக்க வாய்ப்பு அப்படியேதான் இருக்கும்.